இருபதாவது தாள்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சூரிய மின்கல ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மெஹருன்னிசா மேடம் ஜன்னலோரத்து ஸ்டூலில் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மாணவன் பிரிட்டோ, முனைவர் பட்டத்துக்கு இது ஐந்தாவது வருஷம், மார்க்கர் பேனாவோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இளையவள் கார்த்திகாயினி, ஹாட்பிளேட்டின் சூட்டைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டியவள். நான்காவது ஆள் தங்கப்பழம், வயது அறுபத்தொன்று, படிப்பு ஆறாவது, வேலை லேப் உதவியாளர். அவரை முழு ஆளாகச் சேர்க்கலாமா என்று அவருக்கே ஒரு யோசனை இருந்தது, ஏனென்றால் முழங்கைக்குக் கீழே அவர் அந்த அறையில் இல்லை. இரண்டு கைகளும் கிளவ் பாக்ஸ் எனப்படும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டிக்குள் காற்று கிடையாது, ஈரம் கிடையாது, நைட்ரஜன் மட்டும்தான். முகப்பில் இரண்டு வட்ட ஓட்டைகள், அவற்றில் மாட்டிய தடித்த கறுப்பு ரப்பர் கையுறைகள், அதற்குள் நுழைத்தால் கை மட்டும் உள்ளே போய் வேலைசெய்யும். ஓர் எறும்புகூடப் பிழைக்காத இடத்துக்குத் தன் கையை அனுப்பிவைத்துத் திரும்பக் கூட்டிவருவதாக அவர் நினைத்துக்கொள்வார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்காமல் தலையாட்டுவார்கள், இரண்டில் எது மோசம் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூக்கின் இடப்பக்கம் அரித்தது. கையை உள்ளே விட்டதும் அரிக்கும், எடுத்துவிட்டால் அரிக்காது, மூக்குக்கு எப்படித் தெரிகிறது என்பது தனி விஷயம். முகத்தைச் சுளித்து மூக்கை நெளித்ததைக் கார்த்திகாயினி பார்த்துவிட்டாள். "அண்ணாச்சி, மூக்கா? நான் வேணா சொறிஞ்சுவிடவா?" அவருக்குக் காது சூடாகிவிட்டது. "வேண்டாம்மா, போயிரும்." பிரிட்டோ விடவில்லை. "நீ ஒன்னு, அண்ணாச்சிக்கு மூக்கு அரிச்சாத்தான் ஃபிலிம் கண்ணாடி மாதிரி வரும். இத்தன வருஷமா பாக்கேன்ல? அரிக்காத அன்னைக்கு வேலையே ஆரம்பிக்கக் கூடாது." மேடம் சிரித்தார். தங்கப்பழமும் சிரித்தார், சிரித்தபடியே உள்ளே தட்டைப் பார்த்தார், ஒன்பது. காலையில் தட்டை உள்ளே ஏற்றும்போது ஒன்பது, இப்போதும் ஒன்பது, இடையில் யாரும் எடுத்திருக்க முடியாது, இருந்தாலும் எண்ணிப் பார்த்துக்கொண்டார். ஒன்பது சிலிக்கான் சில்லுகள், தீப்பெட்டியில் பாதி அளவு, கருநீலம். கடல் தாண்டி வந்தவை, அடுத்தது வர அடுத்த வருஷம் ஆகிவிடும். ஒவ்வொரு சில்லும் தானே ஒரு மின்கலம். அதன் தலைமேல் பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு மின்கலத்தைத் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு கனத்தில் பூச வேண்டும். மேலே இருப்பது நீல வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு சிவப்பைக் கீழே விட்டுவிடும், கீழே இருப்பது அதை எடுத்துக்கொள்ளும், ஒரே வெயிலுக்கு இரண்டு பேர் வேலைசெய்வார்கள். மேடம் இதை முதல்நாள் சொன்னபோது படித்த பிள்ளைகள் கேட்ட கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஆஃப்செட் மெஷின் ஓட்டியவருக்கு மஞ்சளுக்கு ஒரு தகடு, நீலத்துக்கு ஒரு தகடு, அவனவன் நிறத்தை அவனவன் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவனுக்கு விடுவது புதிதில்லை. புதிதாக இருந்தது பிறகு சொன்ன ஒன்று. இரண்டும் ஒரே கம்பியில் கோத்தது, அதனால் எது குறைவாகக் கொடுக்கிறதோ அந்த அளவுதான் இரண்டுக்கும். அன்று வீட்டுக்குப் போகும்போது மனைவி ராஜபுஷ்பத்தோடு கோயிலுக்கு நடப்பதை நினைத்துக்கொண்டார். அவளுக்கு மூட்டுவலி. அவள் வைக்கிற எட்டுதான் அவருக்கும் எட்டு. அவருக்கு வேகமாக நடக்கத் தெரியும் என்பது யாருக்கும் உபயோகமில்லை.

"தொண்ணூறு வந்துருச்சு மேடம்" என்றாள் கார்த்திகாயினி, ஹாட்பிளேட்டைச் சொன்னாள். "போடலாம் அண்ணாச்சி" என்றார் மேடம். முதல் மூன்று சில்லு பழைய கலவை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அடுத்த ஆறு பிரிட்டோவின் மருந்து சேர்த்த கலவை. மருந்து என்று பெயர் வைத்தவர் தங்கப்பழம், அதற்கு வேறு ஒரு நீளமான பெயர் உண்டு, இப்போது மேடம்கூட மருந்து என்றுதான் சொல்கிறார். சில்லை ஸ்பின்னரில் வைத்தார், கரைசலை விட்டார், சுழலவிட்டார். இதிலிருந்து இருபதாவது விநாடியில் இரண்டாவது திரவத்தை, கட்டைவிரலால் அழுத்தும் பிப்பெட் குழாயிலிருந்து, நடுவில் ஒரே தாரையாக இறக்க வேண்டும். முந்தினால் ஈரம் நிற்கும், பிந்தினால் பொருக்கு விழும், தாரை நடுவில் அறுந்தால் பால் போல வெளுத்துவிடும். ஸ்பின்னரில் மணி காட்டும் பலகை இருக்கிறது, அவர் அதைப் பார்ப்பதில்லை. அவர் ஓட்டிய மெஷின் மணிக்கு மூவாயிரத்து அறுநூறு தாள் அடிக்கும், விநாடிக்கு ஒரு தாள், தாளைத் தூக்க ஒரு சத்தம், இறக்க ஒரு சத்தம், டக், ஸ்ஸ். மெஷினை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும் அது தலைக்குள் நிற்கவில்லை. வேண்டும்போது காதைக் கொடுத்தால் போதும், பதினெட்டு, பத்தொன்பது, இருபதாவது தாள் விழும்போது கட்டைவிரல் தானே அழுந்தும். அழுந்தியது. ஹாட்பிளேட்டில் வைத்ததும் சில்லு கறுத்து முகம் பார்க்கிறாற்போல மினுங்கியது. பிரிட்டோ பெட்டியின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டான். இரண்டாவது, கோடு. மூன்றாவது, கோடு. "மூணும் கண்ணாடி" என்றான். மேடம், "அதுல எப்பவும் சந்தேகம் இல்லையே, ஒன்றர மாசம் மாடியில வச்சா என்ன ஆவுதுங்கறதுதான் கேள்வி" என்றார். தங்கப்பழத்துக்குத் தெரியும். மாடி வெயிலில் அடுக்கியிருக்கும் பழையவற்றைத் துடைப்பவர் அவர்தான். ஓரத்தில் முதலில் மஞ்சள் தட்டும், நகக்கண் அளவு, பிறகு உள்ளே நடக்கும். மஞ்சள் வந்துவிட்டால் அது மின்கலம் இல்லை, மஞ்சள் பூசிய கண்ணாடி.

மூன்று முடிந்தபோது தோள் கனத்தது. பெட்டிக்குள் அழுத்தம் கூடுதல், கையுறை கையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீருக்குள் குடத்தை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி நாள் முழுக்கப் பிடிக்க வேண்டும். பிப்பெட்டை மேடையில் படுக்க வைத்துவிட்டு வலது கையைப் பார்த்தார். கையுறைதான் தெரிந்தது. கையுறை நிம்மதியாக, வயிறு நிறைந்தவனைப்போலத் தடித்துக் கிடந்தது. அதற்கு உள்ளே கட்டைவிரல் இருக்கிறது, அது அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒருமுறை துடித்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் டீயைத் தூக்கியபோது டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை வந்தது, பஸ் போகிறதாக்கும் என்று வாசலைப் பார்த்தார், பஸ் இல்லை. ராஜபுஷ்பம் பார்த்துவிட்டு, "என்னங்க, கை இப்படி ஆடுது" என்றாள். "சூடு" என்றார். அவருடைய அண்ணனைப் பற்றி அவள் கேட்கவில்லை, கேட்காததுதான் பெரிதாக இருந்தது. அண்ணனுக்கும் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. பிறகு மணிக்கட்டு, பிறகு தலை. கடைசியில் தலை எந்நேரமும் இடமும் வலமும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, யாரோ எதையோ நீட்டிக்கொண்டே இருப்பது போலவும் அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது போலவும். டீக்கடையில் ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, கையிலயே மோட்டார் வச்சிருக்கீக, கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று கேட்டான். எல்லோரையும்விட அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தது. மறுநாளிலிருந்து டீக்கடைக்குப் போகவில்லை, வீட்டில் கேட்டதற்குப் பால் சரியில்லை என்றது. மூக்கு அரித்தது. இப்போது வலப்பக்கம்.

நாலாவது சில்லு, மருந்து சேர்த்த கலவை. வலது மணிக்கட்டுக்கு அடியில் இடது கையை முட்டுக் கொடுத்துக்கொண்டார், இதற்கு முன்பு அப்படிச் செய்ததில்லை, யாரும் கவனிக்கவில்லை. மெஷின் ஓடியது. இருபதாவது தாளில் தாரை நூல் பிடித்த மாதிரி இறங்கியது, சில்லு மினுங்கியது, பிரிட்டோ கோட்டைப் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றான். அவனுடைய ஐந்து வருஷம் அந்தச் சில்லில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. மேல் படலத்தில் அயோடினும் புரோமினும் கலந்திருக்கின்றன, கலந்திருந்தால்தான் மின்சாரம். வெயில் பட்டதும் அதது தன் கூட்டத்தோடு ஒதுங்கிக்கொள்கிறது, மின்சாரம் இறங்குகிறது. தூக்கி இருட்டில் வைத்தால் மறுபடி கலந்துவிடுகின்றன. வெயிலில் வேலைசெய்ய வேண்டிய பொருளுக்கு வெயிலில்தான் சண்டை. பிரிட்டோவின் மருந்து அவற்றை வெயிலிலும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். வெறும் கண்ணாடியில் பூசிப் பிடித்துவைத்தும் காட்டிவிட்டான், சிலிக்கான் மேல் இன்றுதான் முதல் தடவை. பொங்கலுக்குத் தங்கப்பழத்தின் மகன்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது கரண்டு போனது. இருட்டில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பெரியவன் எதையோ சொல்ல, சின்னவன் அவனை மிதிக்க, இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். கரண்டு வந்ததும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். அப்போது அவருக்கு இந்த அயோடின் நினைவு வந்தது, இப்போது அயோடினில் அவர்கள் நினைவு வருகிறது, மனசு என்ன, பழைய தகட்டைக் கழுவாமல் புதுப் படம் அடிக்கிறது. "கோடு போடுடா" என்றார் மேடம். போட்டான்.

ஐந்தாவது. முட்டுக் கொடுத்த இடது கையே களைத்திருந்தது, அதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பத்தொன்பதாவது தாளில் கட்டைவிரல் துடித்தது, இருபதில் அழுந்தியது, ஆனால் பாதியில் ஒரு விக்கல், தாரை அறுந்து இரண்டு துண்டாக விழுந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது, ஸ்பின்னர் பாட்டுக்குச் சுழன்றது. ஹாட்பிளேட்டில் வைத்ததும் நடுவிலிருந்து சாம்பல் பூத்தது. "ஐயோ" என்றாள் கார்த்திகாயினி. "பால்" என்றான் பிரிட்டோ, கண்ணாடியில் ஒரு சுழியம் வரைந்தான். "சரி, இன்னொன்னு பாப்போம் அண்ணாச்சி." அவர் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வாயைத் திறக்க இடம் இருந்தது, ஆறாவது சில்லை எடுக்கிற நேரம் முழுக்க இடம் இருந்தது. ஆனால் ஒருமுறைதானே, எல்லாருக்கும் வருவதுதானே, வாலிபத்திலேயே எத்தனை தாள் கசங்கியிருக்கிறது, இது முட்டுச் சரியாகக் கொடுக்காததால், இந்தத் தடவை முழங்கையைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டால் போதும், ஊன்றிக்கொண்டார், மெஷின் சத்தத்தைத் தேடினார், டக் வந்தது, ஸ்ஸ் வரவில்லை, அண்ணனின் தலை இடமும் வலமும் ஆடியது, அதற்கும் ஒரு தாளம் இருந்தது, விநாடிக்கு ஒன்று இல்லை, நாலைந்து இருக்கும், அந்தத் தாளமும் இந்தத் தாளமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிறம் விலகின படம் மாதிரி ஆகி, எது இருபது என்று தெரியாமலே கட்டைவிரல் அழுந்தியது. மூன்று துண்டு. வெளியே இருந்து பார்த்தவர்களுக்குக் கறுப்புக் கையுறை அசையாமல் தடித்து நின்றது. ஆட்டத்தை ரப்பர் தின்றுவிட்டது. ஆறாவது சில்லும் சாம்பல் பூத்தது, பிரிட்டோ இன்னொரு சுழியம் வரைந்தான், இதை முந்தினதைவிடச் சின்னதாக வரைந்தான்.

பெட்டியின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் குனியாமல் காலாலேயே செருப்பைத் தேடி ஒன்றை மாட்டினார். ஒரு செருப்பு என்றால் யோசிக்கிறார், இரண்டாவதையும் மாட்டிவிட்டால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம், அறையில் எல்லாருக்கும் தெரியும். "பிரிட்டோ, வருத்தப்படாதே. மருந்து வெறும் கண்ணாடி மேல ஒத்துக்குது, சிலிக்கான் மேல ஒத்துக்கல. பழைய கலவையில மூணும் வந்துச்சு, உன்னுதுல மூணுக்கு ரெண்டு போச்சு. வெள்ளிக்கிழமை டெஸ்டிங்குக்குப் பார்சல் போயாகணும். மீதியப் பழைய கலவையிலயே போட்டு அனுப்பிருவோம்." "மேடம், நாலாவது வந்துச்சே." "ஒன்னு வந்துச்சு. அத வச்சு நான் என்னன்னு எழுதுறது?" "கரைசல் பழசாயிருக்கலாம்ல?" "நேத்து சாயங்காலம் நீதானே கலக்குன?" பிரிட்டோ மார்க்கரின் மூடியைப் போட்டான், எடுத்தான், போட்டான். "கை மேல சந்தேகம்னாலும் பரவால்ல மேடம், நான் போட்டிருந்தா கை சரியில்லன்னு சொல்லிக்கிடலாம். அண்ணாச்சி கையிலயே வரலன்னா வேற யார் கையில வரும்? வராது. விட்ருவோம்." சிரிக்கப் பார்த்தான். "என் மருந்துக்கு அண்ணாச்சியே சாட்சி."

தங்கப்பழம் கையை உள்ளே வைத்தபடியே நின்றார். சொல்லாமல் இருப்பதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, நின்றால் போதும், அதுதான் அதில் உள்ள வசதி. அவர் பொய் சொல்லவில்லை, யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மருந்து நிஜமாகவே ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம், அவருக்கு என்ன தெரியும், அயோடினைக் கண்ணால் பார்த்தவரா. ஆனால் நாலாவது சில்லு ஹாட்பிளேட்டின் ஓரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது, தாரை அறுந்தது அவருக்குத் தெரியும், அறுந்த தாரைக்கு எந்தக் கலவையும் வெளுக்கும். மீதிச் சில்லுகளைப் பழைய கலவையில் போட்டால், போடுகிற கையும் இதே கைதான், அதுவும் வெளுத்தால் நைட்ரஜன் சரியில்லை என்பார்கள், பெட்டியைத் திறப்பார்கள், பம்பை மாற்றுவார்கள், ஸ்பின்னரைக் கழற்றுவார்கள், உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள், இந்த இரண்டு கையுறைகளுக்குள் இருப்பதைத் தவிர. அது ஒரு மரியாதை. இந்த மரியாதையை அவர் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஆறாவது படித்த ஆளுக்கு இது அதிகம், கோயிலுக்கு நடக்கும்போது ராஜபுஷ்பத்திடம்கூடச் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெளியே எடுத்துவிட்டால் பிறகு அவர் யார், பாட்டில் கழுவுகிற ஆள், ஜூன் மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பாட்டில் கழுவ இந்த வயதில் யாரை வைப்பார்கள், வீட்டில் உட்கார்ந்து பால் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அச்சு மெஷினை நிறுத்த, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, உள்ளங்கைக்குத் தெரியும். நிறம் விலகினால் முதலாளி கத்துவதற்கு முன்பே உள்ளங்கை போய்விடும். தலைக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, விலகிய படங்களாக விழுந்துகொண்டிருந்தன, மேடம் இரண்டாவது செருப்பைக் காலால் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார். பம்ப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். "மேடம், அது மருந்து இல்ல. கை."

"என்ன கை?" என்றார் மேடம். தங்கப்பழம் கைகளை வெளியே இழுத்தார். கையுறைகள் பின்னாலேயே பிதுங்கி வெளியே வந்து விறைத்து நின்றன. வலது கையை டியூப்லைட்டுக்குக் கீழே நீட்டினார். கை அசையவில்லை. வியர்வையில் ஊறிச் சுருங்கி, குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி அப்பாவியாக இருந்தது. "ஒன்னும் ஆடலையே அண்ணாச்சி" என்றாள் கார்த்திகாயினி. பிரிட்டோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்காகச் சொல்லுறீகளா? வேண்டாம் அண்ணாச்சி, பாவம் பாத்தெல்லாம் ஃபிலிம் வராது." சொன்னதை நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று தங்கப்பழம் நினைத்திருக்கவில்லை. சுற்றிப் பார்த்தார். மேடம் குடித்துப் பாதி வைத்த டீ டம்ளர் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதைப் போய் எடுத்தார், வாய்வரைக்கும் கொண்டுபோகிறவர் மாதிரித் தூக்கினார். டீயில் வட்டம் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு டம்ளரே ஆடியது, விளிம்பு தாண்டி மணிக்கட்டில் வழிந்து தரையில் சொட்டியது. கீழே வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் அவர் பிடித்துக்கொண்டே நின்றார். கார்த்திகாயினி வந்து இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எப்பத்துலருந்து?" என்றார் மேடம். "ஆடியிலருந்து." "டாக்டர்கிட்ட?" "போகல." மேடம் மாட்டியிருந்த ஒரு செருப்பையும் கழற்றினார். "இன்னிக்கி நிறுத்திக்குவோம். யாரு போடறதுன்னு நாளைக்கி யோசிப்போம். நீங்க திங்கக்கிழமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க, வர முடியாதுன்னு சொல்லாதீங்க." பிரிட்டோ அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குப் போய் கண்ணாடியில் இருந்த இரண்டு சுழியங்களையும் கட்டைவிரலால் தேய்த்து அழித்தான், நாலாவது கோட்டை விட்டுவைத்தான். பிறகு சட்டைக் கையை மடக்கி, தங்கப்பழத்தின் சூடு இன்னும் ஆறாத கையுறைகளுக்குள் கைகளை நுழைத்தான். தட்டின் மூடியைத் தேடுகிறான் என்று அவருக்குத் தெரிந்தது, இடது ஓரத்தில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவனே எடுத்துவிட்டான். மூக்கு அரிக்கவில்லை. தலைக்குள் சத்தம் எதுவும் இல்லை, மெஷின் எந்த இடத்தில் நின்றது என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே, கண் முன்னால் தட்டு இருக்கும்போதே, பிரிட்டோ கேட்டான்: "அண்ணாச்சி, எத்தன இருக்கு?"

தங்கப்பழம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, வழக்கம்போல ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். பூசாத சில்லு, மீதி மூன்று.